புத்தாண்டுக் காலையில் எடுக்காத டெலிபோன்

இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும் நொடியில் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் புத்தி கலங்கிப்போகும் என்று ஆரணியில் மனப்பூர்வமாக நம்பிய ஆள் நான் ஒருவன்தான். நம்பிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் வயதுக் கோளாறு என்று தள்ளிவிடலாம். அன்று காலை எங்கள் வீட்டு டெலிபோன் விடாமல் அடித்தபோது நான் அதை எடுக்கவில்லை. எடுக்கப்போன என் மனைவியின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, எக்ஸ்சேஞ்சில் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கம் தெளிவாகவே இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். மணி ஓய்ந்த பிறகும் அதில் ஓரிரு வாக்கியம் மிச்சமிருந்தது. அதையும் சொல்லி முடித்தேன்.

எங்கள் தெருவில் அப்போது கம்ப்யூட்டர் என்ற சாமானே கிடையாது. இருந்ததெல்லாம் பட்டுத் தறிகள். தறிக்கு மேலே, புடவைக்கு டிசைன் போடும் ஜக்கார்டு பெட்டியில் சுற்றும் ஓட்டை போட்ட அட்டைகள், இது எந்த வருஷம் என்று யாரையும் கேட்பதில்லை. அன்னம் என்றால் அன்னம், மாங்காய் என்றால் மாங்காய். ஆனாலும் டிசம்பர் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளைப் படித்துவிட்டு, தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்து எச்சரித்தேன். பேங்கில் கணக்கு குழம்பிப்போகும், கரண்ட் நின்றுவிடும், டெலிபோன் தன் பாட்டுக்கு அடிக்க ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டுத் தறிக்காரர், என்னைவிட இளையவர், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரண்ட்டு இப்ப மட்டும் இருக்குதாண்ணா?" என்றார்.

இவ்வளவு படிக்க எனக்கு எங்கிருந்து நேரம் கிடைத்தது என்றால், அதற்கு முந்தைய சித்திரையில்தான் ஓய்வு பெற்றிருந்தேன். கூட்டுறவு சங்கம் ஒன்றில் எழுத்தர் வேலை. ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு. விருப்பம் யாருடையது என்பதில் மட்டும் எனக்கும் சங்கத்துக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஓய்வு கிடைத்ததும் பெரிய நகைச்சுவைப் புத்தகம் ஒன்று எழுதிவிடுவது என்றிருந்தேன். வார இதழ்களில் அரைப்பக்கம், முக்கால்பக்கம் என்று எழுதிப் பழகிய கை. முழுப் பக்கம் காலியாகக் கிடைத்ததும் மிரண்டுவிட்டது.

என் மனைவி பதினாறு வயதிலிருந்து பட்டுத் தறியில் உட்கார்ந்தவள். சர்க்கரை கண்ணுக்குப் போய், இழை அறுந்தால் தெரியாமல் போய்விட்டது. நான் வீட்டோடு வந்த மாதத்திலேயே அவளும் தறியைப் பிரித்து, கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். "நானும் ரிட்டையர்டுதான். இனிமே காபி நீங்க போடுங்க" என்றாள். நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழியில் மண்ணைக் கொட்டி மேலே சிமெண்ட் பூசினோம். தரையில் அந்த இடம் மட்டும் வேறு நிறமாக, ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். அதன் மேல் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் டெலிபோன்.

நெசவுக்காரர்களுக்கு அமாவாசை ஒன்றுதான் விடுமுறை. அன்றைக்குத் தறி ஓடாது. தலைக்கு எண்ணெய் வைப்பார்கள், சினிமாவுக்குப் போவார்கள், சண்டை போடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டில் தினமும் அமாவாசை. எண்ணெய் தேய்த்தும் சண்டை போட்டும் பார்த்தோம். அப்புறமும் பொழுது அப்படியே இருந்தது. நான்கு பக்கமும் அடுத்த வீட்டுத் தறிகள் அடித்துக்கொண்டிருக்க, நடுவில் எங்கள் வீடு மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

எங்களுக்கு ஒரே பெண். நான்கு வருஷம் முன்பு பெங்களூரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை அங்கே பட்டு நூல் வியாபாரி ஒருவரிடம் வேலை. அந்தக் காலத்தில் வெளியூர் போன் என்பது தங்கம் மாதிரி, தேவைக்குத்தான் எடுத்துப் பார்ப்பது. அதனால் கல்யாணமான புதிதில் நானே ஒரு கணக்கு ஏற்படுத்திக் கொடுத்தேன். ஒரு மணி அடித்து நின்றால், நலமாக இருக்கிறேன். இரண்டு அடித்து நின்றால், கடிதம் வருகிறது. மூன்று அடித்து நின்றால், நானும் அவரும் இரண்டு பேருமாக ஊருக்கு வருகிறோம். இந்தப் பக்கம் நாங்கள் எடுக்க மாட்டோம். எடுக்காத வரை யாருக்கும் செலவில்லை. மூன்றுக்கு மேல் போனால் அது வேறு யாரோ, எடுக்கலாம். இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்கு இருந்த பெருமையை, அணை கட்டிய பொறியாளருக்குக்கூட அவர் அணையைப் பற்றி இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண், வீட்டுக்காரம்மாவின் போனிலிருந்து ஒரு மணி அடிப்பாள். நாங்கள் இரண்டு பேரும் ஸ்டூல் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். ஒரே ஒரு மணி. "நல்லாருக்குது" என்று என் மனைவி சொல்லிவிட்டு எழுந்து விளக்கேற்றப் போவாள். அந்த வாரத்தில் எங்களுக்கு நடந்த ஒரே சம்பவம் அதுதான்.

தீபாவளிக்குப் பெண் வந்திருந்தாள். மாப்பிள்ளை வரவில்லை. முழங்கையைத் தாண்டி மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ஜாக்கெட் போட்டிருந்தாள், மூன்று நாளும். என் மனைவி அதைக் கவனித்து என்னிடம் சொன்னாள். பெங்களூர் குளிர் ஊர், அங்கே அப்படித்தான் தைப்பார்கள் என்றேன். ஆரணியில் எதற்கு என்று கேட்டாள். பழக்கம் என்றேன். பெண்ணிடம் நேராகக் கேட்கவேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். நான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்றால், "இன்னாம்மா, மாப்பிள்ளை உன்னை கம்பளி பூச்சி மாதிரி பொத்தி வெச்சிருக்காரு?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். சிரித்ததால் விஷயம் முடிந்துவிட்டது என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

மார்கழி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. லைன் கோளாறு என்றேன். என் மனைவி உடனே பெங்களூர் போகவேண்டும் என்றாள். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் பெற்றவர்கள் காரணமில்லாமல் போய் நிற்கமாட்டார்கள். கையில் சீர் வேண்டும், வாயில் ஒரு சாக்கு வேண்டும். பொங்கல் பதினைந்து நாளில் வருகிறது, அரிசி வெல்லம் கரும்பு புதுத்துணி என்று முறையாக எடுத்துக்கொண்டு போவோம், இப்போது வெறுங்கையோடு போனால் மாப்பிள்ளை தப்பாக நினைப்பார் என்று நான் சொன்னேன். மாப்பிள்ளை எங்களைத் தப்பாக நினைக்கக்கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன்.

புத்தாண்டு பிறந்தது. ஒன்றும் ஆகவில்லை. விளக்கு எரிந்தது, கோயில் ஒலிபெருக்கி வழக்கம்போல விடியற்காலையில் ஆரம்பித்தது, பால்காரர் வழக்கமான தண்ணீரோடு வந்தார். "இன்னா சார், ஒலகம் கீதே?" என்று கேட்டுவிட்டுப் போனார். எதிர் வீட்டிலிருந்தும் யாரோ சிரித்தார்கள். உலகம் பிழைத்ததற்காக வருத்தப்பட்ட ஒரே மனிதனாக நான் காபி போட்டேன்.

வருஷத்தின் முதல் நாள் காலை காபியோடு உட்கார்ந்து, போன வருஷத்தைத் திரும்பிப் பார்த்து, வருகிற வருஷத்துக்குத் திட்டம் போடுவது என்று நான் ஒரு வழக்கத்தைத் தொடங்குவதாக அறிவித்திருந்தேன். ஓய்வு பெற்றவர்கள் அப்படிச் செய்யவேண்டும் என்று எங்கோ படித்தது. என் மனைவி என் எதிரில் தரையில், அந்த சிமெண்ட் ஒட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காபியைத் தொடவில்லை.

"போன வருஷம் நாம இன்னா பண்ணோம்?" என்று கேட்டாள்.

"ரிட்டையர்டு ஆனோம்."

"வர்ற வருஷம்?"

"அதையே கொஞ்சம் நிதானமா பண்ணலாம்."

என் எழுத்துக்கு நிரந்தர வாசகர் என்று ஒருவர் உண்டென்றால் அது அவள்தான். அவளும் வாசித்ததில்லை, நான் சொல்லக் கேட்டதோடு சரி. முப்பது வருஷமாக நியாயமான இடங்களில் சிரித்துவந்தவள் அன்று சிரிக்கவில்லை. எனக்குக் காசி பார்க்கவேண்டும் என்று ஒரு யோசனை இருந்தது. கொல்லைப்புறத்தில் ஒரு அறை எடுத்து எழுத்து அறை என்று பெயர் வைக்கலாம் என்று இன்னொன்று. இரண்டையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தனக்கு ஒரே ஒரு திட்டம்தான், இன்றைக்கே பஸ் ஏறவேண்டும் என்றாள். நான் மறுபடி பொங்கல், சீர், மாப்பிள்ளை என்று ஆரம்பித்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நானே பையை எடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். "நமக்கு இனிமே இன்னா இருக்குதுன்னு பிளான் போட்டுகினு கீறீங்க?" என்று மட்டும் கேட்டாள். காசியும் எழுத்து அறையும் அந்த ஒரு கேள்வியில் எங்கே போயின என்று தெரியவில்லை.

அப்போதுதான் டெலிபோன் அடித்தது.

முதல் மணிக்கு இரண்டு பேரும் அசையாமல் இருந்தோம். அன்று ஞாயிறு இல்லை; ஆனாலும் ஒன்றோடு நிற்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அவள் வாயில் தெரிந்தது. இரண்டு. மூன்று. நிற்கவில்லை. நான்கு, ஐந்து என்று அது பாட்டுக்குப் போனது. அவள் கையை நீட்டினாள்.

இந்த இடத்தில் என் மனநிலையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லி, விடிந்ததும் பால்காரர் வாயால் கேலிக்கு ஆளாகி உட்கார்ந்திருந்தவனுக்கு, கடைசியில் ஒரு இயந்திரம் சாட்சி சொல்ல வந்திருக்கிறது. "தொடாத, ஆரம்பிச்சிடுச்சி" என்று அவள் கையைப் பிடித்தேன். எக்ஸ்சேஞ்சில் இருக்கிற கருவிகளுக்கு இரண்டு பூஜ்யத்தைப் பார்த்ததும் இது ஆயிரத்துத் தொள்ளாயிரமா இரண்டாயிரமா என்ற குழப்பம் வரும் என்றேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஆரணியில் டெலிபோன் ஏது, ஆகவே அது என்ன செய்வதென்று தெரியாமல் எல்லா வீட்டிலும் மணி அடித்துக்கொண்டிருக்கும் என்றேன். "எடுங்க, யாராவது இருக்கப்போறாங்க" என்றாள். யாரும் இருக்கமாட்டார்கள், அதுதான் விஷயமே என்றேன். மணி நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. இந்தத் தடவை நான் பக்கத்து வீட்டுத் தறிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்காக வாசலுக்கு ஓடினேன். நான் கையை விட்டதும் அவள் எடுத்துவிட்டாள். நான் அந்த மனிதரை இழுத்துக்கொண்டு, சத்தமாக விளக்கிக்கொண்டே உள்ளே வந்தபோது அவள் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வைத்தாகிவிட்டது.

"யாரோ மூச்சு உட்டாங்க" என்றாள். "வெச்சிட்டாங்க."

தறிக்காரர் டெலிபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தறிக்குத் திரும்பிப் போய்விட்டார். எனக்குள் இருந்த விஞ்ஞானி அந்த நிமிஷத்தோடு இறந்தான். கோளாறான இயந்திரம் மூச்சு விடாது.

எங்கள் டெலிபோனில் வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. வசதி வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பூத்துக்குப் போனோம். அங்கே ஊரே நின்றுகொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் ஒவ்வொருவராகப் போய், கழுத்து நரம்பு புடைக்க ஹேப்பி நியூ இயர் என்று கத்திவிட்டு வந்தார்கள். எங்கள் முறை வந்தபோது, இந்தத் தடத்தில் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது. மறுபடி போட்டேன். மறுபடி பணிவு. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். என் மனைவி கண்ணாடிக்கு வெளியே நின்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எத்தனையாவது முறையோ, ஒருவழியாக லைன் கிடைத்து, பெண் குடியிருந்த வீட்டுக்காரம்மா எடுத்தார்.

"நேத்து சாயங்காலமே ஸ்டேஷனுக்குன்னு பெட்டி எடுத்துகினு போயிட்டாளே. இன்னும் வரலியா உங்க வீட்டுக்கு?"

வரவில்லை என்றேன்.

"அவ வீட்டுக்காரரு மேலதான் தூங்கிகினு இருக்காரு. எழுப்பட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வெளியே வந்து மனைவியிடம் சொன்னேன். முதல் பாதியை மட்டும் சொன்னேன். இரண்டாவது பாதியை, அந்த மனிதன் தூங்கிக்கொண்டிருக்கிற பாதியை, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் காட்பாடியில் இறங்கி, வேலூர் வந்து, ஆரணி பஸ் ஏறவேண்டும். நேற்று சாயங்காலம் ரயில் ஏறியவள் ராத்திரியே காட்பாடிக்கு வந்திருக்கவேண்டும். வராமல் எங்கே போனாள்? இந்தக் கேள்விக்கு எங்கள் இரண்டு பேர் மனதிலும் ஒரே பதில்தான் வந்தது. அதைச் சொன்னால் நடந்துவிடும் என்பதுபோல இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வேலூர் பஸ்ஸில் ஏறினோம்.

அந்தப் பஸ் பயணத்தைப் பற்றி நகைச்சுவையாக எழுதப் பல தடவை முயன்றிருக்கிறேன். வரவில்லை. பஸ்ஸுக்குள் யாரோ கேக் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள். காகிதத்தில் வைத்த அந்தக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். எதிரில் ஆரணிக்குப் போகும் பஸ் ஒவ்வொன்றும் கடந்து போகும்போது, ஓடுகிற ஜன்னல்களில் ஒரு முகத்தைத் தேடினோம். என் மனைவிக்கு அந்தத் தூரத்தில் பஸ்ஸே சரியாகத் தெரியாது, இருந்தாலும் தேடினாள். கண்ணமங்கலத்தில் பஸ் டீக்கு நின்றது. எதிர்ப்பக்கமும் ஒரு பஸ் நின்றது. நான் இறங்கி ஓடி, அதில் ஏறி, முன் வாசலிலிருந்து பின் வாசல் வரை ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு அம்மாள் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் என் சட்டையைப் பிடித்து, "இன்னா பெரிசு, பொண்ணுங்களப் பாக்கவா ஏறுன?" என்றார். ஆமாம் என்றேன். என் பெண்ணைத் தேடுகிறேன் என்று சொல்லத் தோன்றவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் என் மனைவி அந்தப் பயணம் முழுக்க என்னைப் பார்த்துச் சொன்ன ஒரே வார்த்தையைச் சொன்னாள். "அது கூப்ட்டுச்சி. நீங்க ஒலகத்தப் பத்திப் பேசிகினு இருந்தீங்க."

காட்பாடி ஸ்டேஷனில் அவள் இருப்பாள் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. வேறு எங்கே தேடுவது என்று தெரியாததால் அங்கே போனோம். பெண்கள் காத்திருக்கும் அறையில் இல்லை. டீக்கடைப் பக்கம் இல்லை. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்று பிரிந்து போகலாம் என்றேன். அவள் மாட்டேன் என்றாள். நம்பிக்கை இல்லாதவனைத் தனியாக விடக்கூடாது என்பதுபோல என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பெங்களூர்ப் பக்கம் போகும் ரயில்கள் நிற்கும் பிளாட்பாரத்தில், கூரை முடிந்து வெயில் ஆரம்பிக்கும் இடத்தில், கடைசி பெஞ்சில் எங்கள் பெண் உட்கார்ந்திருந்தாள். கால் பக்கத்தில் ஒரு பெட்டி. தலை வாரவில்லை. அதே நீளக் கை ஜாக்கெட்.

எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வீட்லதான் இருந்தீங்களா?" என்றாள்.

"இருந்தோம்" என்றாள் அவள் அம்மா.

"இங்கருந்து ரெண்டு தடவ அடிச்சேன்."

"கம்ப்யூட்டரெல்லாம் இன்னிக்கி..." என்று நான் ஆரம்பித்தேன். என் மனைவி திரும்பிப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.

பெண் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "மொத தடவ, நான்தான்னு தெரிஞ்சிதான் எடுக்கலன்னு நெனச்சேன். ஒரு மணி அடிச்சா நல்லாருக்கேன்னு கணக்கு. மூணு அடிச்சா ரெண்டு பேரும் வர்றோம்னு. நான் மட்டும் வர்றதுக்கு நம்மகிட்ட கணக்கே இல்லியேப்பா. அதான் அடிச்சிகினே இருந்தேன்."

அணை கட்டிய பொறியாளர் தன் அணைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

அவள் கையில் ஒரு டிக்கெட் இருந்தது. என் மனைவி அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். எழுத்து தெரியவில்லை. "இது எந்த ஊருக்கு?" என்று கேட்டாள்.

"அங்கதான்."

மத்தியான ரயிலுக்கு வாங்கியிருந்தாள். அது வர அதிக நேரம் இல்லை. அந்த டிக்கெட்டில் பெங்களூர் வரைக்கும் போகிற எண்ணம் அவளுக்கு இல்லை என்பதை, இரண்டு வருஷம் கழித்துத் தன் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அதை என்னிடம் சொல்ல இன்னொரு வருஷம் எடுத்துக்கொண்டாள்.

என் மனைவி டிக்கெட்டைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகினாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். பெண் இல்லை என்று தலையாட்டியதும், மடியிலிருந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, நசுங்கிப்போயிருந்த அந்தக் கேக்கை அவள் வாயில் ஊட்டினாள். பெண் அப்போதுதான் அழுதாள். மென்றுகொண்டே அழுவது பார்க்கச் சகிக்காத காரியம். நான் பெட்டியைத் தூக்கினேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அதுதான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பெண் சாப்பிட்டுப் படுத்தாள். ஜாக்கெட்டை மாற்றும்போது அவள் அம்மா கையைப் பார்த்திருக்கிறாள். வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். காலையில் உட்கார்ந்த அதே இடம்; வருஷத்துக்கான திட்டம் பாதியில் நின்ற இடம். நான் எதையாவது சொல்லியாகவேண்டும் என்று தோன்றியது. பொங்கல் முடிந்து நாலு பெரியவர்களை வைத்துப் பேசி, மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கண்டித்து, என்று இழுத்தேன். "கொண்டுபோய் விடறதப் பத்திப் பேசுனீங்கன்னா, நானும் அது கூடவே போயிடுவேன்" என்றாள். எங்கே போவாள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலை முழுக்க இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்த இடம்தான்.

ஆக, எங்கள் முதல் புத்தாண்டுத் திட்டம் அந்த ஒரு வரியோடு நிறைவேறியது.

தை மாதம் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்தார்கள். தட்டில் பழம் பூ வைத்துக்கொண்டு, புருஷன் பெண்டாட்டி என்றால் நாலும் இருக்கும், அனுசரித்துப் போகவேண்டும், பெண்ணுக்குக் குழந்தை இல்லை என்பதையும் பார்க்கவேண்டும் என்று பேசினார்கள். நான் பதில் சொல்வதற்காக ஒரு வாரமாக ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். சட்டம், தர்மம், பெண் விடுதலை எல்லாம் அதில் உண்டு. தொண்டையைச் செருமினேன். என் மனைவி வாசற்படியில் நின்றபடியே, "அனுப்ப முடியாதுங்க" என்றாள். அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆகவில்லை. பெண் மாதக்கணக்கில் உள் அறையை விட்டு வரவில்லை. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டுகிற பெண்கள் எங்கள் வாசல் வந்ததும் குரலைத் தாழ்த்துவார்கள்; தாழ்த்துவது நன்றாகக் கேட்கும். நானும் என் மனைவியும் முறை வைத்து அவள் தூங்கும்போது விழித்திருந்தோம். ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வேலை கிடைத்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். டெலிபோன் அடித்தால் மூன்று பேரும் எடுக்க ஓடுவோம். எடுத்தால், அந்தப் பக்கம் மூச்சுவிடுகிறவன் மாப்பிள்ளையாக இருப்பான். அப்புறம் அதுவும் நின்றது. ஒரு நாள் அவளாகவே வெளியே வந்து, கண்ணமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறதாம், போகட்டுமா என்று கேட்டாள். போனாள். இப்போதும் தினமும் போய் வருகிறாள்.

வருஷங்கள் கழிந்து, எங்கள் வீட்டில் ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்ட காலத்தில், ஒரு புத்தாண்டுக் காலையில் அவளிடம் பேசத் துணிந்தேன். என் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். பெண் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். அந்த மணி இன்னும் என் காதில் அடித்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அதோடுதான் விழிக்கிறேன், நான் மட்டும் அன்றைக்கு முதல் தடவையே எடுத்திருந்தால் நீ அந்தப் பெஞ்சில் அப்படி உட்கார்ந்திருக்கமாட்டாய் என்றேன். பல வருஷம் சேர்த்துவைத்த பேச்சு. அவள் சிவப்பு மை பேனாவை மூடாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எடுத்திருந்தா வெச்சிருப்பேன்பா. ரெண்டாவது தடவ பின்னால உன் கொரல் கேட்டதும் வெச்ச மாதிரி" என்றாள். "அம்மா எடுக்கும்னுதான் அடிச்சேன்."